டெக்சாஸில் நான் இழுத்துப் பார்த்த கதவுகள்

டெக்சாஸுக்கு நான் போனது ஒரு பள்ளிக்கூடம் பார்க்க. வேறு ஒன்றும் பார்க்கவில்லை.

மகள் வாசுகி கனடாவில், மொன்ட்ரியால் பக்கம் ரொக்ஸ்பரோவில் இருக்கிறாள். மருமகனுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்திருந்தது. என் தம்பி சிவம் இருக்கிற அதே நகரம். பெரிய நகரமும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. பெயரைப் போடவேண்டாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். வருகிறேன், வரவில்லை என்று மருமகன், மார்ச் விடுமுறை முடிகிற திங்கட்கிழமைக்குள் பதில் எழுதவேண்டும். அவனுக்குப் போக விருப்பம். மகளுக்கு யோசனை. பேத்தி மீராவுக்கு ஆறு வயது.

"அப்பா, நீங்க ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ. சித்தப்பாவைக் கேட்டா எல்லாம் நல்லம் எண்டுதான் சொல்லுவார். பள்ளிக்கூடத்தைப் பாத்தா உங்களுக்கு விளங்கும். நீங்க சொல்லுறதுதான் முடிவு" என்றாள்.

நான் மொன்ட்ரியால்-நோரில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கொன்சியேர்ஜ். இருபத்திரண்டு வருடம். கதவு திறப்பது, தரை துடைப்பது, பனி தள்ளுவது, பிள்ளை சத்தி எடுத்தால் அள்ளுவது. படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தின் கதவையும் கக்கூசையும் பார்த்தால், உள்ளே பிள்ளைகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுவேன்.

ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் போனபிறகு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வெளிக்கதவு எல்லாவற்றையும் இழுத்துப் பார்ப்பேன். பதினொரு கதவு. கைக்கு அது பழகிவிட்டது. வங்கியைக் கடந்து போனாலும் கை கதவுக்குப் போகும். "ஒரு நாளைக்குக் கள்ளன் எண்டு பிடிக்கப்போறாங்கள்" என்று மனுசி சிரிப்பாள். அவள் டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாடு கட்டுகிற வேலை. லீவு கிடைக்கவில்லை. நான் தனியப் போனேன்.

மார்ச் மாதம் எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை விடுமுறை. அங்கே பிந்தித்தான் விடுவார்கள். அதனால் சரியாக வந்தது.

சனிக்கிழமை. தம்பி பெண்சாதி கலா மிளகாய்த்தூள் கேட்டிருந்தாள். நாலு கிலோ கொண்டுபோனேன். டோர்வலிலேயே அமெரிக்க அதிகாரிகள் பையைத் திறந்தார்கள். ஒருவர் பொட்டலத்தை மணந்து பார்த்தார். நாலு தரம் தும்மினார். போ என்று கையைக் காட்டினார்.

பனிச்சப்பாத்தோடு ஏறினேன். இறங்கின இடத்தில் எல்லாரும் அரைக்காற்சட்டையோடு நின்றார்கள். சிவம் ஒரு ட்ரக்கோடு வந்திருந்தான். படி வைத்து ஏறவேண்டும்.

"என்னடா, மண் ஏத்துற வேலையோ?"

"சாமான் வாங்கப் போற வண்டி அண்ணை. இஞ்ச எல்லாரும் இதுதான்."

வழியில் ஒரு மைதானம். நான்கு பக்கமும் விளக்குக் கோபுரம், அடுக்கடுக்காக இருக்கை, ஒரு வீட்டளவு திரை.

"இது எந்தக் கழகத்தின்ர?"

"பள்ளிக்கூடத்தின்ர."

"பள்ளிக்கூடத்தின்ரயோ?"

"ஓம். பந்துக் காலத்தில வெள்ளிக்கிழமை ஊர் முழுக்க இஞ்சதான். கடையெல்லாம் பூட்டிப்போடுவினம்."

என் பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக அதே வாளி.

ஞாயிற்றுக்கிழமை. காலையில் பால் முடிந்துவிட்டது. வாங்கிவருகிறேன் என்று வெளிக்கிட்டேன். கலா சிரித்தாள். "அத்தான், இஞ்ச மூலைக்கு மூலை டெப்பனர் கடை இல்லை. அவர் எழும்பட்டும், காரில போங்கோ." கடை தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. நடந்தேன்.

நடைபாதை கொஞ்சத் தூரத்தில் முடிந்தது. பிறகு புல். புல்லில் நடந்தேன். ஒரு கார் நின்றது. "சுகமா இருக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். ஓம் என்றேன். இன்னொரு கார் நின்றது. "கார் பழுதாகிவிட்டதா?" இல்லை என்றேன். மூன்றாவதாக ஒரு வயதான அம்மா. பின் இருக்கையில் இரண்டு நாய். "ஏறுங்கள், நான் விடுகிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். அவர் போகவில்லை. கடை வாசல்வரை எனக்குப் பின்னால் மெல்ல மெல்லக் கார் ஓட்டி வந்தார். நான் உள்ளே போனதும் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

மொன்ட்ரியால்-நோரில் நான் பனியில் விழுந்து கிடந்தாலும் இத்தனை பேர் கேட்கமாட்டார்கள்.

பின்னேரம் பக்கத்து வீட்டு டேல் வந்தார். ஓய்வு எடுத்த மனிதர். வந்த விருந்தாளிக்கு என்று, விடிய எழும்பிப் புகைபோட்ட மாட்டிறைச்சி ஒரு தட்டம் நிறையக் கொண்டுவந்தார். நான் மாடு சாப்பிடுவதில்லை. சிவம் சொன்னான். டேலின் முகம் செத்துவிட்டது. போனார். இரண்டு மணித்தியாலத்தில் கோழி புகைபோட்டுக்கொண்டு வந்தார். நல்ல கோழி. தேத்தண்ணியில் ஐஸ் போட்டு, சீனியைக் கொட்டிக் குடிக்கிறார்கள். அதைத்தான் என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை. பள்ளிக்கூடம்.

சிவத்தின் மகள் நிலாவுக்கு எட்டு வயது. மீரா அங்கே போனால் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போவாள். நிலா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பை கண்ணாடி மாதிரி. உள்ளே கொப்பி, பென்சில், வாழைப்பழம், ஒரு சின்னக் குட்டிப்பொம்மை எல்லாம் தெரிந்தது.

"ஏன் பிள்ளை, பை இப்பிடி?"

"எல்லாருக்கும் இதுதான் பெரியப்பா. ஆரும் சுடுற துவக்கு கொண்டுவந்தாத் தெரியும்."

சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கார் வரிசை. ஒரு பிள்ளையும் நடந்து வரவில்லை. ஒவ்வொரு காரிலும் ஒரு இலக்க அட்டை தொங்கியது. ஆசிரியர்கள் வெயிலில் நின்று கார்க்கதவைத் திறந்து பிள்ளையை இறக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "நிலா! பல்லு விழுந்துட்டுதா?" என்று ஒரு ஆசிரியை கேட்டார். நிலா வாயைத் திறந்து காட்டினாள்.

வாசலில் ஒரு பொலிஸ்காரர். இடுப்பில் துவக்கு. ஒரு பிள்ளை அவரது காலைக் கட்டிப்பிடித்துவிட்டு ஓடியது.

"ஏதும் பிரச்சினையோ?" என்று தம்பியைக் கேட்டேன்.

"இல்லை அண்ணை. அவர் ஒவ்வொரு நாளும் நிக்கிறவர்."

செவ்வாய்க்கிழமை. குடும்பத்தில் ஒருவர் போய்ப் பிள்ளையோடு மத்தியானம் சாப்பிடலாமாம். நான் போனேன். கடவுச்சீட்டை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். என் படத்தோடு ஒரு துண்டு அடித்துச் சட்டையில் ஒட்டினார்கள். நான் கக்கூசைப் பார்த்தேன். பளிங்கு. தரையைப் பார்த்தேன். முகம் தெரிந்தது. ஒரு அறை நிறைய வயலின். இந்தப் பிள்ளைகளுக்கு யார் வாங்கிக்கொடுத்தது என்று கேட்டேன். ஊர்ச் சனமாம்.

சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் திறப்புக் கோர்வை. பெயர் ரோசா. மெக்சிக்கோக்காரி. அவளுக்கும் இங்கிலிஷ் குறைவு, எனக்கும் குறைவு. என் திறப்புக் கோர்வையின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். சிரித்தாள். தன் மெசினைக் காட்டினாள். முழங்காலைத் தொட்டு நோகுது என்றாள். நானும் என் முழங்காலைத் தொட்டேன்.

ஒரு சின்னப் பெடியன் எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு, "முதல் நீங்கள் போங்கள், சேர்" என்றான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னை எவரும் சேர் என்றதில்லை.

அங்கேயே மனதுக்குள் முடிவு வந்துவிட்டது. மகளுக்குச் சொல்லலாம், போ பிள்ளை என்று.

சாப்பிட்டு முடிந்தது. துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சிவம் வரப் பிந்திவிட்டது. இருக்க இடம் இல்லை. கட்டடத்தை ஒரு சுற்று நடந்தேன்.

கை போய்விட்டது.

முதல் கதவு பூட்டு. இழுத்தேன், சரி. இரண்டாவது சரி. மூன்றாவது சரி. நான்காவது குசினிக் கதவு. சாத்துப்படாமல் இடையில் ஒரு கல் வைத்திருந்தது. சாமான் இறக்கினவர்கள் யாரோ வைத்துவிட்டு மறந்திருக்கவேண்டும். என் பள்ளிக்கூடத்திலும் இதே சனியன்தான். கல்லைக் காலால் தட்டினேன். கதவைச் சாத்தினேன். பிடித்ததா என்று இரண்டு தரம் பலமாக இழுத்தேன். ஐந்தாவதுக்குப் போனேன்.

உள்ளே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. யன்னல் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. விளக்குகள் அணைந்தன.

ஒத்திகை என்று நினைத்தேன். எங்களிடமும் வருடத்தில் ஒருதரம் உண்டு. பிள்ளைகள் மேசைக்குக் கீழே இருந்து சிரிப்பார்கள். ஆசிரியை உஸ் உஸ் என்பார். எவனாவது குசு விடுவான். வகுப்பே உருளும்.

நான் ஐந்தாவது கதவில் நின்றேன். காதை வைத்தேன்.

ஒன்றும் இல்லை.

பூட்டின பள்ளிக்கூடத்தின் அமைதி எனக்குத் தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் கேட்கிறேன். இது அது இல்லை. இது உள்ளே ஆட்கள் இருக்கிற அமைதி. இதை நான் முன்னர் ஒரே ஒரு இடத்தில் கேட்டிருக்கிறேன். ஊரில், எங்கள் பள்ளிக்கூடத்துப் பின்வளவில் வெட்டின பங்கருக்குள். மேலே குண்டு போடுகிற பொம்பர் சுற்றியது. முப்பது பிள்ளைகள் இருந்தோம். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

"கையைக் காட்டு! கையைக் காட்டு!"

திரும்பினேன். வாசலில் நின்ற அதே பொலிஸ்காரர். துவக்கு கையில் இருந்தது. என்னைப் பார்த்தபடி இருந்தது. நான் கையைத் தூக்கினேன். தூக்கத் தெரியும். சின்ன வயதில் பழகினது.

முழங்காலில் இருக்கச் சொன்னார். இருந்தேன். சட்டையில் துண்டு இல்லை. ஏன் கதவுகளை இழுத்தாய் என்று கேட்டார். இங்கிலிஷ் வரவில்லை. "கொன்சியேர்ஜ்" என்றேன். "மூவா, கொன்சியேர்ஜ்." பிரெஞ்சுதான் வந்தது. அவருக்கு விளங்கவில்லை. என்னைவிட அவர் பயந்திருந்தார்.

பிறகு அதிபர் வந்தார். ரோசாவும் வந்தாள். அவள் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "இவர் என்னைப்போல. கனடாவில் என் வேலைதான் செய்கிறார். நானும் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் இழுத்துப் பார்க்கிறேன்" என்றாள்.

பொலிஸ்காரர் துவக்கைச் செருகினார். மூச்சு வாங்கினார். "ஏதாவது திறந்திருந்ததா?" என்று கேட்டார்.

குசினிக் கதவைக் காட்டினேன். கல்லையும் காட்டினேன்.

அவரது முகம் வெளிறிவிட்டது. அதிபர் வாயில் கையை வைத்தார். பிறகு எனக்கு நன்றி சொன்னார்கள். இரண்டு பேரும், இரண்டு இரண்டு தரம். அது எனக்குத் துவக்கைவிடப் பயமாக இருந்தது.

சிவம் வந்தபோது நான் வாசற்படியில் இருந்தேன். ட்ரக்கில் ஏற்றினான். சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்ததும் சொன்னான்: "மச்சாள் அப்பவே சொன்னவ, கள்ளன் எண்டு பிடிப்பாங்கள் எண்டு." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

பின்னேரம் கலா இடியப்பமும் சொதியும் வைத்தாள். நிலா எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"பெரியப்பா, கதவை இழுத்தது நீங்களோ?"

"ஓம் பிள்ளை. பயந்திட்டியோ?"

"கொஞ்சம். என்ர இடம் நல்ல இடம். கபேர்டுக்குப் பின்னால. கதவால பாத்தா நான் தெரியமாட்டன்." இடியப்பத்தைப் பிய்த்தாள். "ஆனா எனக்குத் தும்மல் வந்தது. தும்மினா எல்லாரையும் கண்டுபிடிச்சிடுவினம். நான் மூக்கைப் பொத்தி, வாயைப் பொத்தி, இப்பிடி இருந்தன்." காட்டினாள். இரண்டு கையாலும். கண் பிதுங்கியது. "தும்மவே இல்லை. டீச்சர் எனக்கு லொலிபொப் தந்தவ."

கலா சொதிச் சட்டியோடு நின்றாள். ஊற்றவில்லை.

"கெட்டிக்காரி" என்றேன். வேறு என்ன சொல்ல.

புதன்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. டேல், கோழியோடு. பிறகு நாய்கார அம்மா, ஒரு கொட்டைப் பணியாரத்தோடு. கனடாவில் இருந்து வந்த மனிதரை எங்கள் ஊர் முழங்காலில் இருத்திவிட்டது என்று அழுதார். பிறகு முன்பின் தெரியாத ஒரு குடும்பம், பெரிய தட்டத்தில் மரக்கறி வேகவைத்துக்கொண்டு. மாடு இல்லை என்று மேலே எழுதி ஒட்டியிருந்தது. குளிர்ப்பெட்டியில் இடம் இல்லை.

பின்னேரம் நிலா ஒரு அட்டை கொண்டுவந்தாள். வகுப்புப் பிள்ளைகள் வரைந்தது. ஒரு கதவு. பக்கத்தில் மீசை வைத்த மனிதன். கீழே எழுதியிருந்ததைச் சிவம் வாசித்தான். "உங்களைக் கண்டு பயந்ததற்கு எங்களை மன்னியுங்கள்."

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் குடும்பங்களுக்குச் சாப்பாடு. நான் வரவில்லை என்றேன். நிலா விடவில்லை. பிள்ளைகள் வயலின் வாசித்தார்கள். சுருதி ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பொலிஸ்காரர் ஒரு கோப்பை அவரைக்கறியோடு வந்தார். இறைச்சி போடாமல் தனியாகச் சமைப்பித்திருக்கிறார். நான் என்ன சாப்பிடுவேன் என்று நிலாவைக் கேட்டாராம். பக்கத்தில் இருந்தார்.

"என் மகளும் இங்கேதான் படிக்கிறாள்" என்றார். "நீங்கள் காது வைத்த கதவு, அவளுடைய வகுப்புக்குப் பக்கத்தில்."

"மன்னிக்கவேண்டும்" என்றேன்.

தலையை ஆட்டினார். "இல்லை. மற்றக் கதவைச் சாத்தினது நீங்கள்."

ரோசா தூரத்தில் நின்று கையைக் காட்டினாள். சாப்பாடு முடிந்ததும் நானும் அவளும் கதிரைகளை அடுக்கினோம். வேலை செய்தபிறகுதான் எனக்குச் சாப்பாடு செமித்தது.

சனிக்கிழமை சிவம் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனான். மைதானத்தைக் கடந்ததும் கேட்டான்.

"அண்ணை, வாசுகியிட்ட என்ன சொல்லப்போறியள்?"

"கண்டதைச் சொல்லுவன்."

"எல்லாத்தையும் சொல்லோணுமோ?" ஸ்டியரிங்கைத் தட்டினான். "இஞ்ச ஆக்கள் நல்லவை. நீங்களே கண்டனீங்கள். ஆனா எங்கட ஆள் ஒருத்தரும் இல்லை அண்ணை. செத்தவீடு எண்டாலும் ரெண்டு பேர்தான். வாசுகி வந்தா எனக்கும் ஒரு வாசல் இருக்கும்."

"நிலாவைப் பாக்கப் பாவமா இல்லையோ உனக்கு?"

"அவள் பழகிட்டாள்."

"அதைத்தான் கேட்டனான்."

இறங்கும்போது என் பையை நான் தூக்க விடவில்லை. உள்வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தான். அழுதானோ தெரியாது. கண்ணாடி போட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரொக்ஸ்பரோ. வெளியே பனி அழுக்காகக் கரைந்துகொண்டிருந்தது. மீராவுக்குத் தடிமன், மூக்கு ஒழுகியது. தரையில் இருந்து படம் கீறினாள். வாசுகி தேத்தண்ணி வைத்தாள். மருமகன் மேசையில் கணினியைத் திறந்து வைத்திருந்தான்.

"சொல்லுங்கோ மாமா" என்றான்.

மைதானத்தைச் சொன்னேன். நாய்கார அம்மாவைச் சொன்னேன். கோழி, வயலின், கக்கூசு, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆசிரியர்கள், என்னைச் சேர் என்ற பெடியன். மருமகனுக்கு முகம் மலர்ந்தது. வாசுகி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

கதவுகளைச் சொன்னேன். துவக்கைச் சொன்னேன். அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். மருமகன் வாசித்தான். திருப்பி ஒருதரம் வாசித்தான்.

"இஞ்சயும் எப்ப என்ன நடக்கும் எண்டு சொல்லேலாது மாமா" என்றான். மெல்லத்தான் சொன்னான்.

"ஓம். சொல்லேலாது" என்றேன். அது உண்மை. "அங்க நல்ல சனம். இஞ்சத்தையைவிட நல்ல சனம். நல்ல பள்ளிக்கூடம். பொய் சொல்லமாட்டன்."

"அப்ப?"

நிலாவின் தும்மலைச் சொன்னேன். அவள் காட்டின மாதிரியே, இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக் காட்டினேன். லொலிபொப்பையும் சொன்னேன். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

வாசுகி தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

மீரா தும்மினாள். பெரிய தும்மல். கீறின படம் பறந்தது. இன்னொன்று வந்தது. வாசுகி எப்போதும் "மூக்கைப் பொத்து பிள்ளை" என்று பாய்வாள். அன்று வாயைத் திறந்தாள். பிறகு மூடிவிட்டாள். கீழே இருந்து பிள்ளையை மடியில் தூக்கி வைத்தாள்.

மூன்றாவதும் வந்தது. தாயின் சட்டை முழுக்க.

மருமகன் கணினியைத் தன் பக்கம் இழுத்தான். இரண்டு வரிதான் எழுதினான். அனுப்பிவிட்டு மூடினான்.

"சிவத்துக்கு நான் சொல்லுறன்" என்றேன். தேத்தண்ணியைக் குடித்தேன். ஆறிவிட்டிருந்தது.